வேப்பமரத்தடியில் மிஞ்சிய ஒரு பாயளவு புல் தொடர்பான முறையீடு

அனுப்புநர்:
பெ. முத்துலிங்கம்,
தோட்ட வேலையாள் (நிறுத்தப்பட்டவர்),
செட்டிகுளம்.

பெறுநர்:
பிராந்தியப் பணிப்பாளர் அவர்கள்,
அரச விருந்தினர் விடுதிகள்,
வவுனியா.

விடயம்: புற்றரை கருகியமைக்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தியமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த கார்த்திகையில் தாங்கள் நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்து தந்த பெஸ்கியூ புல் விதையை இங்குள்ள விடுதி முற்றத்தில் விதைத்தவன் நான். அது குளிர்தேசப் புல், வன்னி வெயில் அதற்குப் பழக்கமில்லை என்று அன்றே பணிவுடன் தெரிவித்தேன். பார்த்து வளர்க்கும்படி பணித்தீர்கள். பார்த்துத்தான் வளர்த்தேன். தைப்பொங்கலன்று அந்தப் பச்சையின் நடுவே தாங்கள் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டது நினைவிருக்கும்.

2. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு செட்டிகுளம் வருமுன், பதினொரு வருடம் நுவரெலியாவில் பங்களாத் தோட்டங்களில் வேலை செய்தவன் நான். இந்தப் புல்லை நாலு விரல் உயரத்துக்குக் கீழே வெட்டக்கூடாது. மூன்று நாளுக்கொருமுறை, விடியற்காலையில், வேர் நனையத் தண்ணீர் விடவேண்டும். வெயில் காலத்தில் பசளை கூடவே கூடாது. மாசியில் நுனி மஞ்சளானது உண்மை. அது சாகிற நிறம் இல்லை, ஐயா.

3. மார்ச் 16 முதல் மூன்று நாட்கள் வவுனியாவுக்குள் வரப் பாதுகாப்புப் படையினர் தரும் பாஸைப் புதுப்பிக்க வரிசையில் நின்றேன். அதற்குள் விடுதிப் பொறுப்பாளர் திரு. ராஜரத்தினம் மஞ்சளைக் கண்டு பதறி, வயலில் செய்வதையே முற்றத்திலும் செய்துவிட்டார். அரை அந்தர், அதாவது இருபத்தைந்து கிலோ, யூரியா வீசி, சுற்றிவர வரம்பு கட்டி, மோட்டரைப் போட்டுக் கணுக்காலளவு தண்ணீர் தேக்கினார். முத்தையன்கட்டில் பத்து ஏக்கர் நெல் செய்த நல்ல கமக்காரன் அவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பி வந்து, வரம்பை வெட்டிவிடும்படி நான் கெஞ்சியபோது, "நெல்லும் ஒரு புல்லுத்தானே, எனக்குப் படிப்பிக்க வராதையும்" என்றார். நாலாம் நாள் பாதி அழுகியது, மீதி கருகியது.

4. அவருடைய அறிக்கையிலோ, நான் மூன்று நாள் தண்ணீர் விடாததால் புல் செத்ததாக இருக்கிறது. மூழ்கிச் செத்ததைத் தாகத்தில் செத்ததென்று எழுதினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தாங்களும் ஒப்பமிட்டது எனக்குப் பெரிய வேதனை. வேலைக் கடிதம் இல்லாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் வேறு வேலை தேடிக்கூட வவுனியாவுக்குள் வரமுடியாது. இப்போதைய பாஸ் ஏப்ரல் 16இல் முடிகிறது.

5. குசினிக்குப் பின்னால், வேப்பமரத்தடி மேட்டில், ஒரு பாயளவு புல் மிஞ்சியிருக்கிறது. அதுவும் அதே விதை, நான் விதைத்தது. பொறுப்பாளரின் தண்ணீரும் யூரியாவும் அங்கே எட்டவில்லை. மார்ச் 30இல், என்னை வெளியே அனுப்பிய அன்று, பச்சையாகவே நின்றது. அதைவிட எனக்கு வேறு சாட்சி இல்லை. எனக்குக் கேற்றுக்குள் வரத் தடை என்பதால் அதற்கு இப்போது தண்ணீர் விட ஆளில்லை. இந்த வெயிலில் பத்து நாளுக்கு மேல் தாங்காது.

ஆகவே, ஏப்ரல் 12க்கு முன் தாங்களே நேரில் வந்து அந்தப் புல்லைப் பார்த்து, என்னை மீண்டும் வேலைக்கு எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்கிறேன். அதற்குள் வர வசதிப்படாவிட்டால், மூன்று நாளுக்கொருமுறை விடிய ஒரு வாளி தண்ணீராவது அதற்கு விட உத்தரவிடவும். அந்த வேலையைத் தயவுசெய்து ராஜரத்தினத்தாரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம்.

இங்ஙனம், தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
பெ. முத்துலிங்கம்
(ஒப்பம்)

இடம்: செட்டிகுளம்
திகதி: 02.04.1998