எடுக்கக் கூடாத போன்

ஜூலை 8, செவ்வாய்

கம்பெனியிலிருந்து மறுபடியும் மெசேஜ். பழைய நெட்வொர்க்கை நிறுத்துகிறார்களாம். என் வீட்டுக்காரர் திருவேங்கடத்தின் பட்டன் போன் இந்த மாதத்தோடு சரி. அவரிடம் சொன்னேன். "கடல்ல வுழுந்தப்பகூட நிக்கல, இவன் சொன்னா நின்னுடுமா?" என்று போனைத் துடைத்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டார்.

எங்களுக்குள் அந்த போனில் ஒரு ஏற்பாடு. படகு திரும்பும்போது லைட்ஹவுஸ் கண்ணில் பட்டால் சிக்னல் வந்துவிடும். ஒரு மிஸ்டு கால் என்றால் மீன்பாடு சுமார், கூடையோடு போனால் போதும். இரண்டு என்றால் நல்ல பாடு. ஐஸ் சொல்லி, பொன்னேரி வியாபாரி அங்கமுத்து அண்ணனை வண்டியோடு வரச் சொல்ல வேண்டும். கடலில் இருக்கும்போது மீன்பாட்டை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் குப்பத்தில் இல்லை, கண் பட்டுவிடும். நான் போனை எடுக்கவும் கூடாது. எடுத்தால் காசு போய்விடுமென்று கல்யாணமான புதிதில் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பழவேற்காட்டில் சுபாஷின் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். பத்து ரூபாய் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவதெல்லாம் இனி நடக்காதாம். "பேசுனாலும் பேசாங்காட்டியும் மாசாமாசம் போட்டுக்கினே இருக்கணும்க்கா. இல்லன்னா நம்பரே பூடும்."

ஏன் இப்படி என்று சண்டைக்கு நின்றேன். அலைக்கற்றையை அரசாங்கத்திடம் ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள், போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா என்றான். அடங்கிவிட்டேன். ஏலத்தில் ஏற்றி எடுத்தவன் இறக்கியா விற்பான்? கரையில் தினமும் பார்க்கிறேனே. ஆனால் எங்கள் கரையில் வஞ்சிரம் வாங்க முடியாதவள் காரப்பொடி மாதிரி மலிவு மீனாவது வாங்கிப் போவாள். இவர்கள் காரப்பொடியே கிடையாது என்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 14, திங்கள்

புது போன் வாங்கியாச்சு. ஈரக் கைக்கு அது மசியவில்லை. அவர் லுங்கியில் கையைத் துடைப்பதும் தொடுவதும், மறுபடி துடைப்பதும்... சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

ஜூலை 16, புதன்

மானம் போச்சு.

காலையில் போன் நான்கு முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் நீளமாக அடித்து ஓய்ந்தது. எடுக்கக் கை போகவில்லை, பழக்கம் அப்படி. நாலு! இதுவரை வந்ததே இல்லையே! ஐஸைப் பெட்டி பெட்டியாகச் சொன்னேன். வேறு கரைக்குக் கிளம்பிய அங்கமுத்து அண்ணனைத் தடுத்து, பெரிய வண்டியோடு வரவழைத்தேன். படகு வந்தது. உள்ளே ஒரே ஒரு கூடைக் காரப்பொடி.

அண்ணன் திட்டவில்லை. "உன் வார்த்தைய நம்பி வந்தேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். என் வாக்கை நம்பித்தான் இத்தனை வருடம் அந்த வண்டி வந்தது. இனி வருமா?

"நாலு தபா எதுக்குய்யா அடிச்ச?" என்று கத்தினேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்ளோ பேசினாலும் தனியா காசு இல்லன்னு சுபாஷ் சொன்னான். சும்மா... உன்னாண்ட பேசலாம்னுதான்."

இந்த மனுஷன வச்சிக்கினு நான் இன்னா பண்றது?

ஜூலை 18, வெள்ளி

இரண்டு மிஸ்டு கால். நல்ல பாடு. அண்ணன் என் போனை எடுக்கவில்லை. கரையில் நின்றவன் கேட்ட விலைக்கே கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் இவர் பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறார். சாயங்காலம் அண்ணனே போன் செய்தார். சிரிக்கிறார்! "உன் ஊட்டுக்காரரு எல்லாம் சொன்னாரும்மா. அத என் ஊட்டுல கேட்டுக்கினு, 'நீ என்னிக்காவது எனக்கு சும்மா போன் போட்டுருக்கியா'னு என்னப் புடிச்சிக்கிச்சு. ரெண்டு அடிச்சா சொல்லு, வர்றேன்."

இவருக்கு இன்று கருவாட்டுக் குழம்பு, கேட்காமலே.

ஜூலை 23, புதன்

போன் அடித்தது. ஓயவில்லை. எடுத்தேன்.

காற்றும் இன்ஜினும்தான் கேட்டன. அப்புறம் "லோகா" என்றார்.

"ம்."

"இன்னா பண்ற?"

"கரையிலதான் நிக்கிறேன்."

பாடு எப்படி என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். "சரி, வெச்சிடவா" என்று வைத்துவிட்டார்.

பிறகு ஒரு மிஸ்டு கால். இன்னொன்று.

எடுக்கவில்லை. அண்ணனை வண்டியோடு வரச் சொன்னேன்.