மரம் போன இடத்தில் வெயில்

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா தலையில் ஆறு தையலோடு படுத்திருக்கிறார், நேற்றுதான் எழுந்து உட்கார்ந்தார், பயப்படாதே. பக்கத்துக் கடைத் தையல்காரரின் கையை இஸ்திரிப் பெட்டியால் சுட்டது நான்தான். அக்கா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நானே சொல்கிறேன்.

நம் இஸ்திரி வண்டிக்கு மேலே நின்ற மரம் உனக்குத் தெரியும். கோடையில் தெருவே கொதித்தாலும் அதன் அடியில் நாள் முழுக்க நின்று தேய்க்கலாம். பனிக்காலத்தில் அதே நிழல் ஆளைக் கொல்லும், எதிர்ச்சாரியில் எல்லோரும் வெயில் காய்வார்கள், நான் மட்டும் பல் கிட்டிக்க நிற்பேன். தையல்காரர் கடையும் இருட்டு. போன பனியில் அவர் ஒரு தாளை நீட்டி, "மரத்த எடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன்க்கா, கையெழுத்துப் போடுறீங்களா" என்று கேட்டார். சனியன் தொலையட்டும் என்று முதல் ஆளாகப் போட்டேன். கார்ப்பரேஷன்காரர்கள் வந்து வெட்டினார்கள். முதுகில் வெயில் விழுந்த சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு சட்டை சும்மா தேய்த்துக் கொடுத்தேன்.

கோடை வந்தது, தார் உருகியது. வெள்ளிக்கிழமை மதியம் துணி மூட்டையோடு வந்த அப்பா வண்டி முன்னாலேயே சுருண்டு விழுந்தார். நடைபாதைக் கல்லில் மண்டை உடைந்து, தேய்த்து வைத்த துணியெல்லாம் ரத்தம். எனக்குக் கண்மண் தெரியவில்லை. மரத்தைக் கொன்ற பாவி என்று கத்திக்கொண்டே, குனிந்திருந்த தையல்காரரின் வலது கையில் கொதிக்கிற பெட்டியை வைத்து அழுத்தினேன். அவர் அலறினார், நான் பெட்டியை எடுக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். துணி கருகும் வாடை எனக்குப் பழக்கம், இது வேறு வாடை. விரல்கள் இனி மடங்காது, கத்திரி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் அந்தத் தாளின் நகலை என் மூஞ்சியில் எறிந்து, "மொதக் கையெழுத்து யாரோடதுன்னு பாருடி" என்றாள்.

நாளை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்தான் முதலில் அடித்தார் என்று சொல்லச் சொன்னாயாம். பாசத்தில் சொல்கிறாய், புரிகிறது. ஆனால் அவருடைய இரண்டு கையும் அப்பா தலையைத் தாங்கிக்கொண்டிருந்ததடா. எந்தக் கையால் அடித்தார் என்று சொல்வேன்? நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன், ஜெயில் என்றால் ஜெயில்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் பண்ணு. நான் செய்தது அவருக்கு இன்னும் தெரியாது. தன்னைத் தூக்கிய தையல்காரரைப் பார்த்துக் கும்பிட வேண்டும், கூட்டிப் போ என்று காலையிலிருந்து கேட்கிறார்.

உன் அம்மா