வெறும் ஃபிளாஷ்

24 நவம்பர் 2008, திங்கள்

இன்று எனக்கு அறுபத்தெட்டு ஆண்டு, இரண்டு மாதம், பதினோரு நாள். எழுந்ததும் மனக்கணக்காகப் போட்டுவிட்டுப் பிறகு நாட்காட்டியில் சரிபார்ப்பது என் வழக்கம். சரியாக வந்தால் மூளையில் இன்னும் பூஞ்சை பிடிக்கவில்லை என்று பொருள். சரியாக வந்தது.

விடாத மழை. கூடத்துச் சுவரில் ஓதம். செருப்புப் படத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். மழையில் நனையும் இருபது முப்பது ஜோடிச் செருப்புகள். சென்னைக் கண்காட்சி ஒன்றில் முதல் பரிசு. நான் எடுத்தவற்றில் படம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. மற்றவை வேலை.

செய்ய வேண்டியவை:
அரிசி.
பல் மருத்துவர் (தள்ளிப் போடலாம்).
புதுக் கேமராவின் கையேடு, பக்கம் 60 முதல்.
உருக்கு ஆலை, காப்பீட்டுப் படங்கள், காலை 11.

கேமரா வாங்கி ஐந்து வாரம். கையேடு இருநூறு பக்கத்துக்கு மேல். ஒளியியலில் முதுகலை படித்து, ஆறு ஆண்டு மகளிர் கல்லூரியில் அதையே பாடம் எடுத்தவள் நான். இதுவரை படித்த அறுபது பக்கத்தில் ஒளியைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைக்காரர் வேறொரு சிறு கேமராவையும் காட்டியிருந்தார். எதிரில் நிற்பவர் சிரித்தால் தானாகவே படம் எடுக்குமாம். சிரிக்காதவர்களை என்ன செய்யும் என்று கேட்டேன். "சிரிக்கற வரைக்கும் காத்துக்கினு இருக்கும் மேடம்." என்னைவிடப் பொறுமைசாலி.

ஆலை முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். இரும்புச் சுருள்களில் துரு. மேலாளர்: "மேடம், தண்ணி இன்னும் கொஞ்சம் ஒசரமா தெரியற மாதிரி எடுக்க முடியுமா?" தண்ணீர் இருக்கிற உயரத்தில்தான் இருக்கும், என் கேமரா ஊற்றாது என்றேன். காவலாளி திரும்பிக்கொண்டு சிரித்தார். "போட்டோக்காரம்மா பொய் எடுக்காது சார்" என்று வேறு சொன்னார். கேட்க நன்றாக இல்லை.

திரும்பும்போது கேன்டீன் வாசலில் ஆரோக்கியமேரி, துடைப்பத்தோடு. அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். அவளைப் பதினைந்து ஆண்டாகத் தெரியும். பார்க்காததுபோல் கடந்துபோகவும் தெரியும். இன்று முடியவில்லை.

"போட்டோக்காரம்மா, அந்த ஃபிலிமு இன்னும் வெச்சிருக்கீங்களா?"

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்று பேசியவர்கள்: மேலாளர், காவலாளி, மேரி. மூவர். சராசரிக்கு மேல்.


25, செவ்வாய்

மழை. பேருந்து இல்லை. பால் வரவில்லை. கறுப்புக் காப்பி.

மேரி விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். குழப்பமாக நினைத்துக்கொண்டிருப்பதற்கு அது மேல்.

1993, ஐப்பசி. ஆலை மேற்பார்வையாளரின் மகளுக்குக் கல்யாணம், இவ்வூர் மண்டபத்தில். புகைப்படம் நான். அவருக்குக் கீழே சுமை தூக்கியவர்கள் குடும்பம் குடும்பமாக மேடையேறி, மணமக்கள் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அவர்களில் மேரி, அவள் கணவன், நாலு வயது மகள் ஸ்டெல்லா. புதிதாகத் தைத்த மஞ்சள் கவுன். அடுத்த மாத மழையில் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். நான்கே நாள். அந்தக் குழந்தையை அதற்கு முன்பும் யாரும் படம் எடுத்ததில்லை. பின்பு எடுப்பதற்கு அவள் இல்லை.

மேரி வந்து கேட்டாள். ஆல்பம் கல்யாண வீட்டில் என்றேன். ஆல்பத்தில் இல்லை, போட்டோக்காரம்மாவைக் கேள் என்றார்கள் அங்கே. மறுபடி வந்தாள். நெகட்டிவில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. எங்காவது எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவு. இடையில் கணவனும் போய்விட்டான்.

நேற்று அவள் சொன்னது: "எங்க அக்கா மவன் கவரப்பேட்டையில கம்ப்யூட்டர் வெச்சிக்கினு கீறான். பூஞ்ச புடிச்சாலும் பரவால்ல சின்னம்மா, எட்டணா அளவு மூஞ்சி தெரிஞ்சா போதும், மீதிய நான் பாத்துக்கறேன்றான்."

பிறகு, துடைப்பத்தின் பிடியைப் பார்த்துக்கொண்டு: "அவ மூஞ்சி மறந்துபோச்சும்மா. கவுனு ஞாபகம் கீது. பின்னாடி வெச்ச பட்டன்கூட ஞாபகம் கீது. மூஞ்சிதான் வரமாட்டேங்குது. பெத்தவளுக்கு இப்டி ஆவுமா?"

ஆகும் என்றேன். ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இன்று பேசியவர்கள்: இல்லை.


26, புதன்

மின்வெட்டு, காலை, நண்பகல், மாலை. இனி மி.வெ. என்றே எழுதுவேன்.

பரண்மேல் நெகட்டிவ் வைத்த பிஸ்கட் டின்கள், ஆண்டுவாரியாக. 1993-ஐ இறக்கினேன். திறக்கவில்லை. இறக்கிய களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாப்பேட்டையிலிருந்து தம்பி. பெருமழைக்கு ஒரு தொலைபேசி, அவன் வழக்கம். "அக்கா, அங்க ஒண்டியா இன்னா பண்ணிக்கினு இருக்க? இங்க வந்துடேன்." முப்பது ஆண்டு ரயில்வேயில் இருந்து அவன் பேச்சு இப்படி ஆகிவிட்டது. உன் வீட்டில் என் டின்களை எங்கே வைப்பாய் என்றேன். "அதத் தூக்கிப் போடு, இப்பல்லாம் சிடில வந்துருச்சி." ஒன்றரை நிமிடம். பேச்சு முடிந்தபின் ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.


27, வியாழன்

தெற்கே புயல் கரையேறியதாம். இங்கே காற்றும் மழையும்.

மி.வெ. இல்லாத இடைவெளிகளில் தொலைக்காட்சி. பம்பாய். ஓட்டல், புகை, ரயில் நிலையத்துத் தரை. ஒரே கட்டடத்தின் ஒரே சன்னலை எல்லாச் சானல்களும் காட்டுகின்றன. கைப்பேசியில் எடுத்த படங்களும் வருகின்றன; பாதி இருட்டு, பாதி நடுக்கம். ஆனால் எடுத்தவர்கள் அங்கே நின்று எடுத்திருக்கிறார்கள். மேசைமேல் இருக்கிற என் புதுக் கேமராவின் நேர்த்தி எதற்கு என்று தோன்றியது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன்.

ஒரு ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம். ஒரு கல்யாணத்துக்கு மூன்று சுருள். மேடையேறுகிறவர்களோ நூற்றுக்கணக்கில். ஃபிளாஷின் முதுகில் ஒரு சிறு பொத்தான் உண்டு, பேட்டரியைச் சோதிப்பதற்கு. கேமராவைக் கண்ணில் வைத்து, நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லி, அந்தப் பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும். ஃபிலிமில் எதுவும் விழாது. நின்றவர்கள் மனநிறைவோடு பந்திக்குப் போவார்கள். வெறும் ஃபிளாஷ் என்பது தொழிலில் பெயர். எல்லோரும் செய்தோம். ஆல்பத்தில் ஏன் இல்லை என்று கேட்கிற தைரியம் யாருக்கு இருக்காதோ, அவர்களுக்குச் செய்தோம்.

1993 கல்யாணத்தில் மணமகளின் தந்தை, அந்த ஆலை மேற்பார்வையாளர், என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: கம்பெனி ஆளுங்களுக்கு வெறும் ஃபிளாஷ் போதும்.

ஸ்டெல்லாவுக்கு அடித்தது அது.


28, வெள்ளி

மழை சற்று ஓய்ந்தது. ஆலையிலிருந்து அழைப்பு. அமெரிக்காவில் ஏதோ வங்கி விழுந்ததற்கு இங்கே இரண்டாவது ஷிஃப்ட் நிற்கிறது. நாற்பது பேருக்கு இன்று கடைசி நாள். கலையுமுன் ஒரு குழுப் படம் வேண்டுமாம்.

எடுத்து முடிப்பதற்குள் நாற்பது பேரும் கேமராவின் முதுகுத் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காட்டும்மா, கண்ண மூடிக்கினேனா?"

"டேய், வேல போனவன் மாதிரியா கீற? மாப்ள மாதிரி கீற!"

"இன்னொன்னு எடும்மா. இதுல எங்க மாமனாரு மாதிரி கீறேன்."

இன்னொன்று எடுத்தேன். பிறகு இன்னொன்று. மொத்தம் பதினேழு. இந்தக் கேமராவில் யாரையும் விட்டுவிட வேண்டிய தேவை இல்லை. விட்டால் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கையேட்டில் எங்கும் குறிப்பிடாத சிறப்பம்சம்.

"ஏ மேரிக்கா, நீயும் வந்து நில்லு" என்று யாரோ இழுத்துவிட்டதில் அவளும் ஓரத்தில் நின்றிருந்தாள். திரையில் தன்னை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கீறேன்" என்றாள். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில்: "ஞாயித்துக்கெழம பூச முடிச்சிட்டு ஊட்டாண்ட வரட்டுமா?"

வா என்றேன்.


29, சனி

டின்னைத் திறந்தேன். சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாக.

தாலி கட்டு, 5.
ஊர்ப் பிரமுகர்கள், 11.
மணமகனின் பெரியப்பா மட்டும் 4 (ஏன்?).
மஞ்சள் கவுன், இல்லை.

இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். விரல் தவறிப் பொத்தான் மாறியிருக்கலாம் அல்லவா. மூன்று சுருளில் ஒரு முறை. தவறவில்லை. அப்போது என் விரல் மிக நன்றாக வேலை செய்தது.

மூன்றாவது சுருளின் கடைசித் துண்டைப் பற்றி இன்று எழுதவில்லை.

அரிசி வாங்கினேன். கடைக்காரரிடம் தேவைக்கு மேல் பேசினேன். அவருக்கு வியப்பு.


30, ஞாயிறு

வெயில், முதல்முறையாக. மேரி பத்தரைக்கு வந்தாள். வெளுத்த நீலப் புடவை, தாளில் சுற்றிய நான்கு வாழைப்பழம். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு நுனியில் உட்கார்ந்தாள்.

"கெடச்சிதாம்மா?"

வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். கிடைக்கவில்லை, பூஞ்சை என்றது பொய், அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. பழைய ஃபிளாஷில் பேட்டரி போட்டு வைத்திருந்தேன். அவள் கையில் கொடுத்து முதுகுப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். வெளிச்சம் அடித்தது.

"இவ்ளோதானா?"

இவ்வளவுதான்.

மறுபடி சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருந்து இன்னொரு முறை அழுத்தினாள். "இதுக்கா அவ கண்ணக் கொட்டாம நின்னா? கொட்டாதடி, போட்டோ கெட்டுப்போவும்னு நாந்தான் சொன்னேன்."

ஃபிளாஷை என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"யாரு சொல்லி இப்டி அடிச்ச?"

மணமகளின் தந்தை என்றேன்.

"அவுரா?" வாழைப்பழத்தைத் தாளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஸ்டெல்லா போனப்ப பொட்டிக்குச் சொல்லி அனுப்புனது அவுருதான். கல்லற வரைக்கும் கூட வந்தாரு. சாவற வரைக்கும் எங்க ஊட்டுக்காரரு அவர சாமின்னுதான் சொல்வாரு. மனசுல இப்டி வெச்சிக்கினுதான் வந்தாரா?"

வாழைப்பழத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அத அழுத்தறப்ப நீ அவளப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். கேமராவுக்குள்.

"சொல்லு."

சொன்னேன். இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு தழும்பு. மூக்கு உன்னுடையது அல்ல, அவள் அப்பன் ஜாடை, நுனி சற்று அகலம். கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். ஒரு பக்கத்துப் பின்னல் அவிழ்ந்திருந்தது. சிரி என்றேன், சிரிக்கவில்லை. என்னை நம்பாதவள்போல் பார்த்தாள்.

மேரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அம்மிக்கல்லு" என்றாள். "புருவம். நடக்கக் கத்துக்கினப்ப வுயுந்தா." கண்ணைத் திறக்காமலே, "வருது... இன்னொரு தபா சொல்லு."

மூன்று தபா சொன்னேன். ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியதா என்று அவளும் கவனித்தாள்.

எழுந்தபோது சுவரைப் பார்த்தாள். கிட்டப் போனாள். "இது அந்த மண்டபத்துப் படிதான?" கண்ணாடிமேல் விரல் வரிசை வரிசையாக நகர்ந்தது. "இது எங்க ஊட்டுக்காரருது. ஒரு வாரு அறுந்து ஊக்கு போட்டிருந்தாரு, பாரு, ஊக்கு தெரியுது." விரல் மேலும் நகர்ந்து, ஓரம்வரை போய் நின்றது. "அவளுது இருக்காது. அவளுக்கு ஏது செருப்பு. தூக்கிக்கினுதான வந்தோம்."

எப்போது எடுத்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"வரேம்மா." கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். பழம் மேசைமேல்.

இன்று பேசியவர்கள்: ஒருவர்.


1 டிசம்பர், திங்கள்

அறுபத்தெட்டு ஆண்டு, இரண்டு மாதம், பதினெட்டு நாள். கணக்குச் சரி. வெயில். துணிகள் காய்கின்றன.

27 வியாழக்கிழமைக் குறிப்பில் ஒரு திருத்தம். மணமகளின் தந்தை என்னைத் தனியே அழைக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் அவர் சொன்னது: "ஒருத்தரையும் வுட்டுடாதம்மா, எல்லாம் எங்க ஆளுங்க." பதினைந்து ஆண்டாக எனக்குள் இதை மாற்றி மாற்றிச் சொல்லி, நேற்று முதல்முறையாக வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவர் இப்போது உயிரோடு இல்லை, மறுக்க மாட்டார்.

மேரியின் குடும்பம் மேடையேறியபோது மூன்றாவது சுருளில் ஐந்து படத்துக்கு இடம் இருந்தது. மண்டபத்துக்குள் நுழையும்போதே வாசற்படிச் செருப்புகளைப் பார்த்து வைத்திருந்தேன். வெளியே மழை வலுக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஐந்தையும் அதற்காக மிச்சம் பிடித்தேன்.

நான்கு கலங்கிப்போயின. ஐந்தாவது சுவரில் இருக்கிறது.