பகல் ஷிப்ட்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
16.6.2024

என் மகா கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சமையலுக்குத்தான் சீக்கு. நீ பள்ளிக்கூடம் திறந்து நாமக்கல் பஸ் ஏறிய அன்று ரவை உப்புமா கிண்டினேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் எங்கள் பாய்லர் ரூம் இன்சார்ஜ் ஆம்ப்ரோஸுக்குக் கொடுத்தேன். மனுஷன் ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னா மூர்த்தி, ஸ்டீம் பைப்பு ஒழுகிச்சின்னா இத்தையே பூசிடலாம் போல கீதே!” என்றான். ஆஸ்டின் டவுன்காரனுக்கு வாய் ரொம்ப நீளம்.

போகும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாய். கை காட்டுவாய் என்று பஸ் திரும்பும்வரை நின்றேன். போகட்டும். அம்மா கண்ணை மூடிய பிறகு உன்னை ஹாஸ்டலில் தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறாய். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறும் வேலைக்காரன், வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக வீட்டில் பூட்டிவிட்டு எப்படிப் போவான்? நீயே சொல்லு.

இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சமையலுக்கும் துணி வெளுக்கவும் தனியாக ஒரு சின்ன பாய்லர் வரப்போகிறது. காலையில் பற்றவைத்தால் சாயங்காலம் அணைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் வகுப்பு அட்டெண்டன்ட் சர்டிபிகேட் வைத்திருக்கும் ஆள் வேண்டும். இந்த வேலையில் முதல் படியே அந்த சர்டிபிகேட்தான். ஹெல்பராக இரண்டு வருஷம் பாய்லரோடு நின்றவன்தான் பரீட்சைக்குப் போகலாம். எனக்கு ஜனவரியில் இரண்டு வருஷம் முடிகிறது. பாஸ் செய்தால் எனக்கு எப்போதும் பகல் ஷிப்ட். நீ பன்னிரண்டாவது முடித்து இங்கேயே வந்துவிடலாம். நடந்துபோகிற தூரத்தில் காலேஜ் இருக்கிறது. சாயங்காலம் நீ வரும்போது நான் வீட்டில் இருப்பேன்.

நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் படிக்கிறேன், சிரிக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா சுந்தரமூர்த்தி

நாமக்கல்
7.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பக்கத்துக் கட்டில் சௌம்யாவிடமும் காட்டினேன். “உங்க அப்பா கிட்ட இம்பார்ட்டன்ட் கொஸ்டின் லிஸ்ட் கேளுடி” என்கிறாள்.

இங்கே செல்போன் வைத்திருந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையில் ஒரே ஒரு போன். பின்னால் நிற்கிறவர்கள் “சீக்கிரம்டி, சீக்கிரம்டி” என்று முதுகில் குத்துவார்கள். அதில் அழக்கூட முடியாது. அதனால் நான் எழுதுவதையே நல்லபடியாக எழுதிக்கொள்கிறேன், நீங்களும் எழுதுங்கள். உப்புமா கதை மட்டும் போதாது. அந்த பாய்லர் எப்படி இருக்கும், அதனிடம் உங்களுக்கு என்ன வேலை, எல்லாம் எழுதுங்கள்.

இன்று பெற்றோர் நாள். நீங்கள் வருவீர்கள் என்று காலையிலேயே தலை பின்னிக்கொண்டு கேட் பக்கம் நின்றேன். வித்யா சித்திதான் சேலத்திலிருந்து வந்திருந்தார். புளிசாதமும் வடகமும் கொண்டுவந்தார். வடகம் அம்மா செய்வது மாதிரியே இருந்தது. அக்கா தங்கைக்கு ஒரே கைதானே.

நீங்கள் சொன்னதை நம்புகிறேன். ஒரு வருஷம்தான். ஆனால் அடுத்த மாதமாவது வாருங்கள் அப்பா.

உங்கள்
மகா

ஜீவனஹள்ளி
4.8.2024

அன்பு மகாவுக்கு,

இன்றைக்கும் வர முடியவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு ஹெல்பர் தினேஷ் ஊரில் ஆடித் திருவிழா என்று போய்விட்டான்.

பாய்லரைப் பற்றிக் கேட்டாயே. ஒரு லாரியைச் சக்கரம் கழற்றித் தரையில் வைத்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவு பெரிசு. உள்ளே தண்ணீர், அடியில் நெருப்பு, மேலே ஆவி. அந்த ஆவியில்தான் நோயாளிகளுக்கு இட்லி வேகிறது, போர்வை வெளுக்கிறது, ஆபரேஷனுக்குப் போகும் கத்தி கத்தரிக்கோலெல்லாம் சுத்தமாகிறது. முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். ஹெல்பரின் வேலை என்ன என்று கேட்டால், அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நிற்பது. தண்ணீர் இறங்கிப் போனதைக் கவனிக்காமல், சூடேறிக் கிடக்கும் பாய்லருக்குள் பச்சைத்தண்ணீரை விட்டாயோ, தீர்ந்தது. கட்டடமே இருக்காது.

எட்டு மணி நேரம் யாரோடும் பேச்சில்லை. சத்தத்தில் பேசினாலும் கேட்காது. போனை வெளியே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆரம்பத்தில் பைத்தியம் பிடிப்பது மாதிரி இருந்தது. இப்போது கண்ணாடியைப் பார்த்தபடி உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன். மகா இப்போது கணக்குப் பீரியடில் இருப்பாள், மகா இப்போது சாப்பிடுவாள் என்று. வீட்டுக்கு வந்தால் அதுவும் ஓடாது. வீட்டில் ரொம்ப நிசப்தம்.

பரீட்சையில் எழுத்து குறைவு, நேரில் உட்காரவைத்துக் கேட்பதுதான் அதிகம். அதுவும் கன்னடத்தில். ஆம்ப்ரோஸ் தினமும் டீ நேரத்தில் கேள்வி கேட்கிறான். தப்பாகச் சொன்னால் எனக்கு வடை கிடையாது. இரண்டு வாரமாக வடையே சாப்பிடவில்லை.

அப்பா

சேலம்
24.11.2024

அப்பாவுக்கு,

சித்தி வீட்டிலிருந்து எழுதுகிறேன். டைபாய்டு என்றார் டாக்டர். இப்போது காய்ச்சல் இல்லை.

போன ஞாயிறு உங்கள் செல்லுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. வார்டன் சிந்தியா மேடம் நல்லவர், ஆஸ்பத்திரி நம்பருக்கே போட்டுக் கொடுத்தார். “பாய்லர் ரூம்ல சுந்தரமூர்த்தின்னு இருக்காரு, அவரோட பொண்ணு பேசறேன்” என்றேன். செக்யூரிட்டி ஒருவர் தமிழிலேயே, “இருமா, கூட்டினு வரேன்” என்று போனார். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள்கூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தவர், “சொன்னேன்மா. பாய்லர் ஓடுது, வர முடியாதுன்னு தலையாட்டிட்டாரு” என்றார்.

மேடம் சித்திக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் சித்தி வந்து அழைத்துக்கொண்டு போனார்.

நான் உங்களிடம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

மகா

ஜீவனஹள்ளி
28.11.2024

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

சமையலறைப் பக்கம் ஆவிக் குழாய் விட்டுப்போய், ஆம்ப்ரோஸ் அங்கே ஓடியிருந்தான். உள்ளே நான் ஒருத்தன். தண்ணீர் ஏற்றுகிற பம்ப் விட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. அந்த நேரம்தான் செக்யூரிட்டி வந்து, “ஒன் பொண்ணு லைன்ல கீது” என்றான். நெருப்பை அணைத்துவிட்டு வந்திருக்கலாமே என்பாய். மாடியில் அவசர ஆபரேஷன். கருவிகளெல்லாம் ஆவியில் இருந்தன. நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஆம்ப்ரோஸ் வந்ததும் ஓடினேன். போனை வைத்துவிட்டிருந்தார்கள்.

அன்றே கிளம்பியிருப்பேன். வித்யாவிடம் பேசினேன். “தூங்கறா மாமா, நான் பாத்துக்கறேன், நீங்க அலையாதீங்க” என்றாள். லீவு போட்டால் சர்வீஸ் குறைந்து, பரீட்சை அடுத்த தடவைக்குத் தள்ளிப்போகுமோ என்ற பயம் வேறு. தள்ளிப்போனால் அந்தப் பகல் ஷிப்டுக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அப்புறம் நீ எங்கே வந்து இருப்பாய்? அதை நினைத்துத்தான் வரவில்லை. உனக்காகத்தான் கண்ணே.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. காரம் வேண்டாம்.

அப்பா

நாமக்கல்
15.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். உடம்பு தேறிவிட்டது. அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. உங்கள் நிலைமை புரிகிறது. பரீட்சைக்கு நன்றாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு சித்தி வீட்டுக்குப் போகிறேன். உங்களுக்கு எப்படியும் லீவு இருக்காது.

மகா

ஜீவனஹள்ளி
16.2.2025

என் மகாராணிக்கு,

உன் அப்பன் பாஸ்! நம்பமாட்டாய், உன் அப்பன் பாஸ் செய்துவிட்டான்!

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கண்ணாடியில் தண்ணீரே தெரியாவிட்டால் முதலில் என்ன செய்வாய் என்றார்கள். நெருப்பை அணைப்பேன், தண்ணீர் விடமாட்டேன் என்றேன். சேஃப்டி வால்வு பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர், “பாய்லர் ஓடும்போது அட்டெண்டன்ட் எப்போது அந்த இடத்தை விட்டு வெளியே போகலாம்?” என்று கேட்டார். “ஹோகலே பாரது சார்” என்று கன்னடத்தில் ஒரே போடாகப் போட்டேன். போகவே கூடாது, மாற்று ஆள் வந்து பொறுப்பு ஏற்கும்வரை நகரவே கூடாது என்று. அவர் விடவில்லை. “எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நிஜமாகவே நீ போனதில்லையா?” என்றார். “என் மகள் காய்ச்சலோடு போனில் கூப்பிட்டபோதுகூடப் போகவில்லை சார்” என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். “இவன்தான்யா அட்டெண்டன்ட்” என்று நடுவில் இருந்தவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பதில்தான் என்னைக் கரையேற்றியது.

ஆம்ப்ரோஸ் ஆள் அனுப்பி ஒரு தட்டு வடை வரவழைத்தான். சின்ன பாய்லர் இறங்கிவிட்டது. ஏப்ரலிலிருந்து எனக்குப் பகல் ஷிப்ட். முன் அறையை உனக்கு ஒழித்து வைத்துவிட்டேன், ஜன்னல் பக்கம் மேஜை போட்டிருக்கிறேன். காலேஜில் அட்மிஷன் பாரம் எப்போது கொடுப்பார்கள் என்றும் கேட்டுவந்தேன். பரீட்சை முடிந்ததும் பெட்டியைக் கட்டு. நானே வந்து அழைத்துவருவேன்.

ஆனந்தத்தில்
அப்பா

சேலம்
6.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன்பே சித்தியோடு சேலம் வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று பார்த்தேன், எழுத வரவில்லை. உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததும் அதனால்தான்.

நீங்கள் பாஸ் செய்தது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். சௌம்யாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆனால் அவளிடம் கடிதத்தைக் காட்டவில்லை. மூன்று பேரும் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை நோகடிக்க நீங்கள் எழுதவில்லை என்று தெரியும். சந்தோஷத்தில் எழுதினீர்கள். எழுதும்போது எனக்கு வலிக்குமே என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் அப்பா.

நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். மாடியில் யாரோ ஒருவர் பிழைத்திருப்பார். ஆனால் அன்று தரையில் உட்கார்ந்து நான் காத்திருந்ததும் நடந்ததுதானே. அதற்கப்புறம் ஏதாவது ஒன்று என்றால் எனக்கு முதலில் சித்தி முகம்தான் ஞாபகம் வருகிறது. நானாக அப்படி நினைக்கவில்லை, அதுவாக ஆகிவிட்டது.

இங்கேயே காலேஜில் சேரப் போகிறேன். சித்தியும் சித்தப்பாவும் சரி என்கிறார்கள். பெங்களூருக்கு லீவில் வருகிறேன். நீங்கள் எனக்காகத்தான் இவ்வளவும் செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லாமலே தெரியும். அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை. என்னைத் திட்டாதீர்கள்.

மகா

ஜீவனஹள்ளி
4.5.2025

அன்பு மகாவுக்கு,

திட்டவில்லை கண்ணு. எதற்குத் திட்டப் போகிறேன்?

உன் கடிதம் வந்த அன்று நான் எழுதியதை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். சீச்சீ, எப்பேர்ப்பட்ட முட்டாள் நான். ஒரு அதிகாரி மெச்சிவிட்டான் என்றதும் தலைகால் புரியவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை. உன்னோடு சேர்ந்து இருக்கத்தானே படிக்கிறோம் என்று படித்தேன், கடைசியில் பாய்லரோடு இருக்கத்தான் படித்திருக்கிறேன்.

சேலத்திலேயே படி. வித்யா உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளுக்குக் கடன்பட்டவன் நான்.

ஒரு மாதம் பகல் ஷிப்ட் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருவில் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிற சத்தம் கேட்கிறது. கதவைச் சாத்திக்கொள்கிறேன். பக்கத்து வீட்டம்மா, “ஊட்டா ஆயிதா அண்ணா?” என்று கேட்பாள். சாப்பாடு ஆயிற்று என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

போன வாரம் ஆம்ப்ரோஸிடம் கேட்டு, பெரிய பாய்லரில் ராத்திரி ஷிப்டுக்கே மாற்றிக்கொண்டேன். “இன்னா மூர்த்தி, பகல் ஷிப்டுக்காகத்தானே இவ்ளோ கஷ்டப்பட்ட? மண்டை கிண்டை குழம்பிடுச்சா?” என்று சத்தம் போட்டான். உன் வீடு பேரன் பேத்தி இருக்கிற வீடு, நீ பகலில் பாரு என்றேன். உடனே மாற்றிப் போட்டுக்கொடுத்தான்.

உன் புது போன் நம்பரை வித்யா அனுப்பியிருக்கிறாள். கூப்பிடலாம் என்று கையில் எடுப்பேன், நம்பரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் இதையும் எழுதி அனுப்புகிறேன். இனிமேல் பகல் முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன். போன் தலைமாட்டிலேயே இருக்கும். நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். அப்பா தூங்குவாரே என்று மட்டும் யோசிக்காதே.

உன்
அப்பா