ஜெர்மன் பேசாத லேப்டாப்

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜையில் வைத்ததை அம்மா அனுமதிக்கும் வரை தொடக்கூடாது. அதனால் இரண்டு நாளாகப் படிப்பு இல்லை. இன்று டியூட்டி முடிந்து வந்து, லேப்டாப் மேலிருந்த சந்தனம் குங்குமத்தைத் துடைத்துவிட்டு ஜெர்மன் பாடத்தைப் போட்டேன். டீச்சர் வாயை மட்டும் அசைக்கிறார். சத்தம் இல்லை.

பதினொன்றாம் தேதி தேர்வு. வாசிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேறியாயிற்று. காதால் கேட்டு எழுதும் பகுதி மட்டும் பாக்கி. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் காதில் எதையும் மாட்டக்கூடாது. வெளியே தனி ஸ்பீக்கரும் வைக்கக்கூடாது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். தேறினால் ஜெர்மனியில் நர்ஸ் வேலை. இந்த முறை விட்டால் அந்த ஆஸ்பத்திரி வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளும்.

பயமெல்லாம் இல்லை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரையே வழிக்குக் கொண்டுவருகிறவள் நான். இந்தப் பெட்டி எம்மாத்திரம்?

அக்டோபர் 4, சனி

சவுண்ட் டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அணைத்து அணைத்துப் போட்டேன். வால்யூமை ஏற்றினால் ஓரத்தில் ஹெட்போன் படம் வருகிறது. ஹெட்போன் அலமாரியில் தூங்குகிறது. பெட்டி பொய் சொல்கிறது.

இன்னொன்று: திறந்தாலே ஊதுபத்தி வாசனை. பக்திமான் லேப்டாப்.

அக்டோபர் 5, ஞாயிறு

விண்டோஸை மொத்தமாகத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். ஊமை ஊமைதான்.

சாப்பிடும்போது அம்மா, "அந்தப் பொட்டியே வேணாங்குது போல. இங்கயே இரேண்டி, இங்க இல்லாத ஆஸ்பத்திரியா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "உனக்குச் சந்தோஷம்தான? நல்லா சிரி. நான் போவக்கூடாதுன்னுதான காத்துனு இருக்க?" என்று கத்திவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு யாரும் இல்லை. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே போகிறேன்? அவளையும் சேர்த்துக் காப்பாற்றத்தானே? அதை ஒரு தடவையாவது புரிந்துகொண்டால் என்ன — சை. தூங்கு, எழிலரசி.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். டவுனுக்குள் பஸ் விட மாட்டார்கள், ரிப்பேர் கடைக்குப் போக முடியாது. அடி அண்ணாமலையில் வீடு இருந்தால் பௌர்ணமிக்கு இதுதான் கதி. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்மாவின் எலுமிச்சை ஜூஸ் கடையில் நின்றேன். அவள் பிழிந்தாள், நான் உப்பும் சர்க்கரையும் போட்டேன். கிரிவலப் பாதை முழுக்க ஸ்பீக்கர் அலறுகிறது. என் வீட்டில் இருக்கிற ஒரே ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் தொண்டை கட்டிவிட்டது!

அக்டோபர் 7, செவ்வாய்

டியூட்டி. வீடு. தூக்கம். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 8, புதன்

டவுனில் முபினின் ரிப்பேர் கடை. அங்கே ஒரே கூட்டம். இரண்டு போனுக்கு நடுவே என் லேப்டாப்பையும் பார்த்துவிட்டு, "சிப் போயிருக்கும்க்கா. போர்டை மெட்ராஸ் அனுப்பணும், பத்து நாளு ஆவும்" என்றார். பத்து நாளா? வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சிப் போயிருந்தால் அது ஏன் ஹெட்போன் படத்தைக் காட்டுகிறது? நோயாளி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினால் அந்த இடத்தைத்தானே பார்ப்போம்?

வீட்டுக்கு வந்ததும் ஹெட்போன் சொருகும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே ஒரு மூங்கில் குச்சி! ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டி ஸ்பீக்கரை அணைத்து வைத்திருக்கிறது.

"அம்மா!"

எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. பூஜையன்று ஜூஸ் பிழியும் கட்டை, அடுப்பு, கத்தி எல்லாவற்றுக்கும் ஊதுபத்தி காட்டினாளாம். என் லேப்டாப்பைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தபோது ஓட்டை மேலே வந்ததாம்.

"ஓட்டை வாகா இருந்துச்சுடி. மூணு பத்தியா சேத்து சொருவுனேன், கும்முனு நின்னுச்சு. எடுக்கசொல்ல ஒண்ணு முறிஞ்சுது போலக்குது."

"அதுக்கு மட்டும் எதுக்கு மூணு?"

"மத்ததுக்கு ஒண்ணு போதும். உனக்கு பரிச்சையாச்சே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கத்தியது அத்தனையும் என் முகத்திலேயே வந்து விழுந்தது. அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அம்மா அழவில்லை. முள்வாங்கியை எடுத்துவந்தாள். "நான் எடுக்கறேன்" என்றேன். "நீ ஊசிதான் போடுவ, முள்ளு நான்தான் எடுப்பேன். டார்ச்சைப் புடி" என்றாள். நான் சொன்னபடி லேப்டாப்பை அணைத்து, ஓட்டையைக் கீழே சாய்த்துப் பிடித்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. நகத்தளவு குச்சி வெளியே வந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என்னை இங்கேயே வைத்துக்கொள்ள அவளுக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

போட்டதும் ஜெர்மன் டீச்சர் வீடே அதிரக் கத்தினார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அக்டோபர் 11, சனி

எழுதியாயிற்று. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. வாங்க வருகிறவர்கள் சத்தம் கேட்கக்கூடாது என்று அம்மா காலையில் கடையே போடவில்லை.

நவம்பர் 5, புதன்

நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டேன். தேறுவேன் என்று தெரியும், இருந்தாலும் குதித்தேன். அம்மா "சரி" என்றாள், அவ்வளவுதான்.

இன்று மதியம் போன் செய்தாள். "உடனே கடைக்கு வா." ஓடினேன். கிரிவலம் வந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஜூஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஜெர்மனியாம். அம்மா எப்படியோ விசாரித்துப் பிடித்துவைத்திருக்கிறாள். "தனியா போற பொண்ணுக்கு அங்க எப்டி இருக்கும்னு கேளு."

கேட்டேன். அந்தம்மா ஜெர்மனில் ஒளிக்காமல் சொன்னார். குளிர்காலம் நீளம், நாலு மணிக்கே இருட்டிவிடும், முதல் வருஷம் தனிமை ரொம்பக் கஷ்டம், நிறையப் பேர் அழுவார்கள்.

"இன்னா சொல்றாங்க?"

"நல்லா இருக்குமாம்மா. எல்லாரும் நல்லா பழகுவாங்களாம்."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த மூஞ்சி அப்டி சொல்லலியே" என்றாள். அவள் அடுத்த எலுமிச்சையை எடுத்து நறுக்கினாள்.

"ஸ்வெட்டரு ஒண்ணு பத்தாது. ரெண்டா வாங்கிக்கோ."