வெப்பமில்லாத கருந்துளைக்கு நாம் போட்ட கணக்கு

இன்று உன் அக்கா இருக்கும் லாங் ஐலண்ட் தீவுக்குப் போகும் படகில் ஏறியதும் டீசல் புகை முகத்தில் அடித்தது. என் கை பக்கத்து இருக்கையில் உன்னைத் தேடியது. நீ இறந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நாம் கடலில் மாட்டிக்கொண்ட அன்றும் உன் அக்கா வீட்டுக்குத்தான் கிளம்பினோம். நம் தீவுத் தலைநகரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்து, இயற்பியல் படிக்கக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போய், ஒரே ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்ட நாம் விடுமுறைக்கு வந்திருந்தோம். பெரிய படகைத் தவறவிட்டு ஒரு சின்னப் படகைப் பிடித்தோம். நடுவழியில் எஞ்சின் நின்றது.

"பந்த் ஹோ கயா, தீதி," நின்றுபோச்சு அக்கா, என்று கைவிரித்தார் படகுக்காரர்.

காற்று நம்மைத் திறந்த கடல் பக்கம் தள்ளியது. அலை உள்ளே ஏறியது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

"ஏதாவது பேசுடி," என்றேன்.

தண்ணீரை இறைத்தபடியே நீ பேசினாய். "சாதாரணக் கருந்துளை சூடா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு கரையும். நாம கணக்கு போடுற கருந்துளைல சூப்பர்சிமெட்ரின்னு ஒரு கூடுதல் சமச்சீர் இருக்கு. சூடே கிடையாது, கரையாது. அதனாலதான் அதுக்குள்ள எத்தனை குவாண்டம் நிலைகள் இருக்குன்னு நம்மால எண்ண முடியுது."

"அப்போ நிஜக் கருந்துளை?"

"அதுக்கு நம்மகிட்ட கணக்கே இல்லடி." உன் குரல் நடுங்கியது. வாளியை மட்டும் நீ கீழே வைக்கவில்லை. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு கயிறு வீசி நம்மை இழுத்துப் போனது.

பிறகு உனக்குத் தலைவலி வந்தது. மூளையில் கட்டி என்றார்கள். சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மத்தியானம் நம் கணக்கைச் சொல்லச் சொன்னாய். சொன்னேன்.

"வார்த்தையெல்லாம் தெரியுதுடி. ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது," என்றாய்.

அப்படிப் பயந்த உன் முகத்தை நான் கடலில்கூடப் பார்த்ததில்லை. "புரியலன்னாலும் பேசிட்டே இரு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். பொழுது சாயும்வரை பேசினேன். அந்த மாதமே நீ போய்விட்டாய்.

நம் ஆராய்ச்சியில், கருந்துளைக்குள் எத்தனை நிலைகள் என்ற ஒரே கேள்விக்கு ஈர்ப்பு விசையிலிருந்து வரும் விடையை நான் கணக்கிடுவேன். நிலைகளை நேரடியாக எண்ணி வரும் விடையை நீ கணக்கிடுவாய். முடியும்வரை ஒருவருக்கொருவர் காட்டமாட்டோம். உன் பாதியையும் இப்போது நானே முடித்தேன். இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரே தவறை இரண்டிலும் நான் செய்திருந்தால் யார் சொல்வார்கள்?

தீவுக்கு வந்து சேர்ந்ததும் உன் அக்காவிடம் சொன்னேன். "கட்டுரைல அவ பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்க்கா. தப்பா இருந்தா அவளுக்கும் கெட்ட பேரு. பத்திரிகைக்கு அனுப்பவே பயமா இருக்கு."

"அவ இருந்தா என்ன செய்வா?"

"மறுபடி முதல்லேருந்து போட்டுப் பாப்பா."

"அப்போ இங்கேயே உக்காந்து போடு. சாய் வைக்கிறேன்."

உட்கார்ந்திருக்கிறேன். பேனாவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நீயும் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் ஆரம்பிப்பாய். உன்னிடமிருந்து அந்தப் பயம்தான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உன் பாதியை முதலில் எடுக்கிறேன்.