நாற்பத்து நான்கு எழுத்தும் நான்கு நிமிட வீடியோவும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையை ஓரமாகப் போட்டுவிடாதே, முழுவதும் படி. நாங்கள் இருவரும் சுகம். உன் கால் வீக்கம், டாக்டர் சொன்ன தேதி எல்லாம் உன் அம்மா சொல்லித் தெரியும். நீ என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. யார் முதலில் பேசுவது என்று நானும் வீம்பாக இருந்தேன். போதும் என்றாகிவிட்டது.

முதலில் ஒரு புகார். தாய்லாந்து மொழியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்று நீ அம்மாவுக்கு ஒரு பட்டியல் அனுப்பினாயே, அதைப் பற்றி. உன் பிரசவத்துக்கு அம்மா அங்கே வரும் முன், உன் மாமியார் வீட்டில் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் என்று அனுப்பினாய். "இது அம்மாவுக்கு மட்டும்" என்று கோடு வேறு போட்டிருந்தாய். கண் தெரிகிறது எனக்கு. அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, மேலே காய்கறிச் சீட்டையும் ஒட்டிவிட்டாள். எடுத்துப் படித்தவன் நான்தான். ஏழு மாதமாகப் படிக்கிறேன். உன் அம்மாவிடம் உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் காப்பாற்றிய ஒரே சத்தியம் அது.

பட்டியலில் முதலில் இருந்தது போனில் ஒரு செயலி. ஒரு பச்சைத் தவளை. ஒரு நாள் படிக்காவிட்டால் அழுகிறது. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் நான், ஒரு மாணவனிடமாவது அழுதிருக்கிறேனா? அது மூன்றாம் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம், "யானை செய்தித்தாள் படிக்கிறது". யானை எந்தப் பக்கம் படித்தால் எனக்கென்ன? வலது பக்கம் திரும்பு, நிறுத்து, தண்ணீர் எங்கே, இதையல்லவா முதலில் சொல்லித்தர வேண்டும்? போதாக்குறைக்கு அதில் பேசுகிறது பெண் குரல். மரியாதைக்கு வாக்கிய முடிவில் பெண்கள் சேர்க்கிற சொல்லையே நானும் மூன்று மாதம் சேர்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா தெரிந்தே சும்மா இருந்திருக்கிறாள்.

அடுத்து புத்தகம். நாற்பத்து நான்கு மெய்யெழுத்து. ஒரே சத்தத்துக்கு நாலைந்து எழுத்து எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. முன்னால் போகிற வண்டியை முட்டிக்கொண்டே ஓட்டுகிறவனைக் கண்டால் எனக்கு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் அப்படி எரிந்தது. போதாததற்கு ஐந்து தொனி. நான் ஏற்றி இறக்கிப் பழகும்போது உன் அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள்.

ஆனாலும் நான் விடவில்லை. என் முறை உனக்குத் தெரியும். மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவனை நான் மெயின் ரோட்டில் விட்டதில்லை. எழுத்து முழுவதும் முடிந்த பிறகுதான் வார்த்தை, வார்த்தை முடிந்த பிறகுதான் பேச்சு. அப்படித்தான் நாலு மாதம் போயிற்று. நாற்பத்து நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

சாமான்களில் பெயர் எழுதி ஒட்டு என்று பட்டியலில் போட்டிருந்தாயே, அதையும் செய்தேன். உன் அம்மா ஒட்டடை அடிக்கிற அன்று எல்லாவற்றையும் பிய்த்து, மறுபடி கைக்கு வந்த இடத்தில் ஒட்டிவைத்தாள். பத்து நாள் நான் பீரோவை நாற்காலி என்று மனப்பாடம் செய்தேன். கேட்டால், "அந்தக் கோழிக்கிறுக்கல்ல எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். இவள் எழுத்து ஒன்றுகூடக் கற்கவில்லை. தினமும் காலையில் உன் மாமியாரைப் போனில் கூப்பிட்டு, இவள் ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டுகிறாள், அவர் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டுகிறார், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இப்படியே நூறு வார்த்தை சேர்த்துவிட்டாள். எழுபது தப்பாக இருக்கும். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் ஒரு டீச்சரைப் பிடித்தேன். தாய்லாந்தில் பத்து வருஷம் ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்த்துத் திரும்பிய தமிழ்ப் பெண். வாரம் மூன்று காலை, கம்ப்யூட்டரில் வகுப்பு. "தப்பாப் பேசினாலும் பரவால்ல, பேசுங்க சார்" என்பதுதான் அவள் பாடம். தப்பாகப் பேச மாட்டேன் என்றேன். "வண்டிய ஸ்டார்ட் பண்ணாமலே தொடச்சிக்கிட்டு இருக்கீங்க சார்" என்றாள். என்னிடமே வண்டியை வைத்து உதாரணம் சொல்கிறாள், பார்த்துக்கொள்.

இத்தனை பாடும் எதற்கு என்று நினைப்பாய். சொல்லிவிடுகிறேன்.

உன் கல்யாணத்தன்று வீடியோ காலில் உன் மாமனார் காகிதம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துப் பேசினார். உன் அம்மா அழுது முடித்து முகம் கழுவப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர் வீட்டுக்கா என் மகள் போக வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு ஒரே ஆத்திரம். அவர் வாயைத் திறக்கும்போதே சத்தத்தை அடைத்தேன். இரண்டு நிமிடம் வெறும் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, மாணவர் காத்திருக்கிறார் என்று எழுந்து போனேன். அன்று எந்த மாணவரும் இல்லை.

மறுநாள் உன் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை என் போனுக்கு அனுப்பியிருந்தார். நான்கு நிமிடம். நான் திறக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. "அவர் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசினாரு, அப்பா எழுந்து போயிட்டாரு" என்று நீ அழுததாக உன் அம்மா சொன்னாள். அவர் மொழியில் அவர் பேச என்ன கஷ்டம் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அந்த உதடு மட்டும் என்னை விடவில்லை. மொழிபெயர்த்துச் சொல் என்று உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. நானே கற்றுக்கொண்டு, நானே கேட்டுப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். பாடம் முடியும் வரை திறப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். என் முறை.

போன செவ்வாய்க்கிழமை, பத்து பாடம் முடிந்த தைரியத்தில், டீச்சர் முன்னால் அதைப் போட்டேன். வார்த்தை வார்த்தையாக நிறுத்தி எழுதலாம் என்று நோட்டு, பேனா எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அரை நிமிடம் கேட்டாள். முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "சார், இது அவங்க பாஷை இல்ல. தமிழ் சார்" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று தரம் போட்டேன். அந்த உச்சரிப்பு எனக்குப் பிடிபடவே இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மாதான் உள்ளே இருந்து, "ரொம்பக் கஷ்டம்னு சொல்றாருங்க" என்றாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். இப்படி இருக்கிறது:

ஐயா, அம்மா, வணக்கம். நான் தமிழ் படிக்கிறேன். மூணு மாசம். ரொம்பக் கஷ்டம். உங்க மக சொல்லித் தராங்க. திட்டுறாங்க. அவசரப்படாதே, முதல்ல கண்ணாடி பாருன்னு சொல்றாங்க. பேசறதுக்கு எதுக்குக் கண்ணாடி? எங்க அப்பா இப்படித்தான் சொல்வாருன்னு சொல்றாங்க. அப்புறம் அழறாங்க. ஐயா, நீங்க வாங்க. அவங்க உங்க மக. எங்க மகளும்.

இவ்வளவுதான். நான்கு நிமிடத்தில் முக்கால்வாசி அவர் அடுத்த வார்த்தையைக் காகிதத்தில் தேடுகிறார். ஒரு இடத்தில் திரைக்கு வெளியே இருந்து நீ எடுத்துக்கொடுப்பது கேட்கிறது. அந்தக் குரலை நான் இரண்டு வருஷம் போனிலேயே பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தமிழ்க் காகிதத்தைத் தொடவே இல்லை என்று உன் மாமியார் அம்மாவிடம் கையால் காட்டினாராம். நான் செய்த வேலை அது. மூன்று மாதம் படித்த ஒரு மாணவனை முதல் நாள் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது வாலு. இதை எந்த மொழியில் சொல்ல நேர்ந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

உன்னையும் அப்படித்தானே செய்தேன். பதினெட்டு வயதில் உனக்கு வண்டி பழக்கினேன். வீட்டிலிருந்து தபால் ஆபீஸ் போவதற்குள் சொல்லித் தருகிறவனுக்கென்று என் சீட்டுப் பக்கம் இருக்கிற பிரேக்கைப் பதினொரு தரம் மிதித்தேன் என்று நீ எண்ணிச் சொன்னாய். நடுவழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாய். பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இப்போது நீ மாமனாரின் கேன் வண்டியை மார்க்கெட் வரை ஓட்டுகிறாய் என்று அம்மா சொன்னாள். அவர்தான் பழக்கினாராம். ஒரு நாள்கூடச் சத்தம் போடவில்லையாம். முப்பது வருஷ டிரைவிங் ஸ்கூல்காரனுக்கு இதைவிட மூக்கு உடைய வேறென்ன வேண்டும்?

டீச்சரிடம் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வாங்கியிருக்கிறேன். எழுந்து போனதற்கு மன்னிக்க வேண்டும் என்று. தினமும் சொல்லிப் பார்க்கிறேன். தொனி இன்னும் சரியாக வரவில்லை. சரியாக வரும் வரை காத்திருப்பதாக இல்லை, தப்பாகவே சொல்லப் போகிறேன். சம்பந்தியிடம் அந்தக் காகிதத்தை மறுபடி எடுக்கச் சொல். அவர் தமிழை நான் திருத்த மாட்டேன். மாப்பிள்ளையிடம், அவர் அனுப்பியது இப்போதுதான் கிடைத்தது என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. காலைத் தொங்கப்போட்டு உட்காராதே. நல்லபடியாகப் பிள்ளை பெற்று நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். அம்மா அடுத்த மாதம் புறப்படுகிறாள். அவளைத் தனியாக அனுப்பு என்று நீ சொன்னால் அனுப்புகிறேன், கோபப்பட மாட்டேன். என்னையும் வரச் சொன்னால், விமான நிலையத்துக்கு அந்தக் கேன் வண்டியிலேயே சம்பந்தியும் நீயுமாக வாருங்கள். டாக்டர் விட்டால் நீ ஓட்டு, விடாவிட்டால் அவர் ஓட்டட்டும். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே என் காலுக்குப் பிரேக் இருக்காது என்று தெரியும். கூப்பிடு, வாலு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா